படை மூன்று, பொறுப்பாளர் யார்?



1942ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள், விடியற்காலை. பிரான்சின் வடகரையிலே, டியெப் என்னும் துறைமுகப்பட்டினத்துக்கு எதிரே, 237 கலங்கள் வந்து நின்றன. அவற்றிலே ஏறக்குறைய 6,000 வீரர்கள். அவர்களில் 4,963 பேர் கனடா நாட்டுப் பிள்ளைகள். தலைக்கு மேலே எழுபது விமான அணிகள். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் ஒன்றாய்க் கூடி நடத்தும் மாபெரும் தாக்குதல் என்று அதற்குப் பெயர். நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இங்கிலாந்துக்குத் திரும்பிய கனடியர் 2,210 பேர். சிறைப்பட்டோர் 1,946 பேர். களத்திலும், பின்னர்க் காயத்தாலும், சிறையிலுமாக மாண்டோர் 907 பேர். கரையேறிய டாங்கிகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பிடிக்க வந்த துறைமுகமோ பகைவன் கையிலேயே இருந்தது!

போர் என்றால் தோல்வியும் உண்டு. தோற்றவனைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பது வீரமும் ஆகாது, பண்பும் ஆகாது. அந்தக் கரையிலே இறங்கிய எளிய வீரனைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் நாம் கூறப்போவதில்லை. நாம் கேட்பது வேறு. அவனை அங்கே அனுப்பியது யார்? எதை நம்பி அனுப்பினார்கள்? அனுப்பியவர்கள் பின்னர் என்ன விடை கூறினார்கள்? எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இந்த வினாக்களுக்கு நேரான விடை கிடைக்கவில்லை. விடைக்குப் பதிலாக ஒரு கதை கிடைத்தது. டியெப்பிலே சிந்திய குருதிதான் 1944இல் நார்மண்டியிலே வெற்றிப்பயிராக விளைந்தது என்னும் கதை அது. விழாமேடைகளிலே ஓதி ஓதி, கேட்பவர் கண்கலங்கிக் கேள்வி கேட்கவே மறந்துபோகும்படி செய்துவிட்ட கதை. அந்தக் கதையை இன்று உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

நீரும் நிலமும் கைமாறும் இடம்

சென்னை நகரம் கடல்வழித் தாக்குதலை அறியாததன்று. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவிலே, எம்டன் என்னும் ஜெர்மன் கப்பல் வந்து, எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. ஒரு கப்பல், ஒரு தலைவன், ஒரு கட்டளை. வேலை முடிந்தது. அதற்குக் கூட்டும் வேண்டியதில்லை, குழுவும் வேண்டியதில்லை. ஆனால், பகைவன் காத்து நிற்கும் கரையிலே ஆட்களை இறக்கி, அடித்துவிட்டு, மீண்டும் அவர்களை ஏற்றிக்கொண்டு வருவது அப்படிப்பட்ட காரியமன்று.

படகின் அடி கரையைத் தொடும்வரை வீரன் கடற்படையின் பொறுப்பில் இருக்கிறான். தொட்ட பிறகு தரைப்படையின் பொறுப்பில் இருக்கிறான். இரண்டுக்கும் மேலே விமானப்படை இருக்கிறது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு அவன் மாறும் அந்தச் சில நிமிடங்கள் இருக்கின்றனவே, அவைதாம் உயிர்நிலை. கடற்படையின் பீரங்கிகள் தம்மவர்மீது குண்டு விழுமே என்று அப்போது ஓய்ந்துவிடும். தரைப்படையின் பீரங்கிகளோ இன்னும் கரைக்கு வந்திரா. இடுப்பளவு நீரிலே, கையிலே துப்பாக்கியும் முதுகிலே சுமையுமாக, எதிரே இருப்பவனுக்கு முழுமையாகத் தெரியும்படி வீரன் நிற்பான். அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் விமானக் குண்டுகள். அதற்குத்தான் பெரும் போர்க்கப்பலின் பீரங்கிகள். அதற்குத்தான் புகைத்திரையும் இருளும், நிமிடக் கணக்குத் தவறாத நேர ஒழுங்கும். இவற்றிலே ஒன்று குறைந்தால் மற்றொன்று ஈடுசெய்ய வேண்டும். எல்லாம் குறைந்தால்? குறைந்தபோது என்ன நடக்கும் என்பதைத்தான் டியெப் காட்டிற்று.

தெரியாமல் நேர்ந்ததா?

இந்த உண்மைகளை டியெப்பிலேதான் கற்றோம் என்றார்கள். அப்படியா? 1915இலே கலிப்போலியில் என்ன நடந்தது? மார்ச்சு 18ஆம் நாள் கடற்படை தனியே சென்று முட்டிக்கொண்டு திரும்பியது. ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 25ஆம் நாள், விழித்துக்கொண்ட பகைவனின் எதிரே தரைப்படையை இறக்கினார்கள். பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் இந்தியச் சிப்பாய்களும் அங்கே மாண்டனர். தனித்தனியே போனால் தலை போகும் என்னும் பாடம் அன்றே எழுதப்பட்டாயிற்று. 1938இலே முப்படைகளுக்கும் பொதுவாக ஒரு பயிற்சி ஆராய்ச்சி நிலையத்தைப் போர்ட்ஸ்மத் அருகே அமைத்து, இறங்கு படகு எப்படி இருக்கவேண்டும், தலைமைக் கப்பல் எப்படி அமையவேண்டும் என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். 1940இலே கூட்டு நடவடிக்கைத் தலைமையகம் என்னும் தனி அமைப்பே தோன்றியது.

ஏட்டறிவு மட்டுமன்று, பட்டறிவும் இருந்தது. 1941 டிசம்பர் 27ஆம் நாள் நார்வே நாட்டின் வாக்சோவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கென்யா என்னும் குரூசர் கப்பல் பகைவனின் பீரங்கி நிலைகளை நொறுக்கியது. ஓய்ந்த கணத்திலேயே விமானங்கள் தாழப் பறந்து புகைக்குண்டுகளை வீசின. அந்தப் புகைக்குள்ளே கமாண்டோ வீரர்கள் கரையேறினர். மூன்று படையும் ஒரே கையின் மூன்று விரல்களைப்போல் இயங்கின. 1942 பிப்ரவரி இறுதியிலே புரூனவல் என்னும் இடத்தில், வானிலிருந்து குதித்த படைவீரர்கள் ஜெர்மானியரின் ரேடார் கருவியின் பகுதிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கடற்படைப் படகுகளில் ஏறித் திரும்பினர். அதே ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் சான் நசேர் துறைமுகத்திலே, வெடிமருந்து நிரப்பிய கப்பலைக் கொண்டுபோய் மோதி, மாபெரும் உலர்துறையைப் பாழாக்கினர். அங்கே 169 பேர் மாண்டனர். மேகமூட்டத்தால் விமானத் தாக்குதல் அரைகுறையாகிப் பகைவனை எழுப்பிவிட்டது என்பதும் அங்கே தெரிந்துபோயிற்று.

வள்ளுவப் பேராசான் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆராய்ந்து செய், உன் வலியையும் மாற்றான் வலியையும் எடைபோடு, காலம் பார், இடம் பார். வாக்சோவிலே இந்த நான்கும் பார்க்கப்பட்டன. எட்டே மாதம் கழித்து டியெப்பிலே இந்த நான்கும் கைவிடப்பட்டன. அறியாமை என்று இதனை எப்படி அழைப்பது? அறிந்ததை அலட்சியம் செய்ததற்குப் பெயர் வேறு.

ஆளுக்கொரு கை விரித்தனர்

திட்டம் உருவான முறையைப் பாருங்கள். 1942 ஏப்ரலில் தொடங்கிய பேச்சு அது. பட்டினத்தின் இருபுறமும் இறங்கி வளைத்துப் பிடிக்கலாம் என்பது ஒரு வழி. நேரே முகப்பில் மோதலாம் என்பது மற்றொரு வழி. உள்நாட்டுத் தரைப்படைத் தலைமை நேர்மோதலையே விரும்பியது. சரி, நேரே மோதுவதென்றால் அதற்கேற்ற இடிமுழக்கம் வேண்டாமா? விமானங்கள் பெருங்குண்டு வீசும் என்றனர். ஜூன் 5ஆம் நாள், மாண்ட்கோமரி தலைமையில் நடந்த கூட்டத்தில் அந்தக் குண்டுவீச்சு நீக்கப்பட்டது. இடிபாடுகள் தெருவை அடைத்து டாங்கிகளின் வழியை மறிக்கும் என்பது காரணம். அன்று கூட்டு நடவடிக்கைத் தலைவர் மவுண்ட்பேட்டன் அமெரிக்காவில் இருந்தார்.

குண்டுவீச்சு இல்லையென்றால் பெரும் போர்க்கப்பல் வேண்டும். கேட்டார்கள். கடற்படைத் தலைமை மறுத்தது. 1941 டிசம்பரிலே மலாயாக் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பெருங்கப்பல்களும் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. சூடு கண்ட பூனையாக இருந்தது அட்மிரால்டி. முடிவில் கிடைத்தவை எட்டு நாசகாரிக் கப்பல்கள். அவற்றின் பீரங்கி வாய் நான்கு அங்குலம்! பாறை முகட்டிலே கான்கிரீட்டுக்குள் அமர்ந்திருப்பவனை அந்தக் குண்டு என்ன செய்யும்?

ஆக, விமானப்படை பெருங்குண்டைக் கொடுக்கவில்லை. கடற்படை பெருங்கப்பலைக் கொடுக்கவில்லை. தரைப்படை நேர்மோதலை விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொருவர் கூறியதற்கும் தனித்தனியே காரணம் உண்டு. தெருவை அடைக்கும் என்பதும் காரணந்தான். கப்பல் போய்விடும் என்பதும் காரணந்தான். எல்லாக் காரணங்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து, இத்தனையும் இல்லையென்றால் தாக்குதலே வேண்டாம் என்று கூறத்தக்க ஒருவர் அந்த மேசையைச் சுற்றி இல்லை. தேர்ச்சக்கரத்தைக் கழற்றியவர் ஒருவர், வடத்தை அறுத்தவர் ஒருவர், அச்சை முறித்தவர் ஒருவர். ஆனாலும் தேரோட்டம் உண்டு என்று பறை அறைந்துவிட்டார்கள்!

களத்தின் தலைமையும் அப்படியே. தரைப்படைக்குக் கனடியத் தளபதி ராபர்ட்ஸ், கடற்படைக்கு ஹியூஸ்-ஹாலெட், விமானப்படைக்கு லே-மாலரி. மூவரும் சமம். மூவருக்கும் மேலே, களத்தைக் கண்ணால் கண்டு நிறுத்து என்று கட்டளையிட ஒருவர் இல்லை. ராபர்ட்சும் ஹியூஸ்-ஹாலெட்டும் கால்ப் என்னும் கப்பலில் இருந்தனர். லே-மாலரி கடலுக்கு அப்பால், லண்டன் அருகே அக்ஸ்பிரிட்ஜில் இருந்தார்.

ஜூலைத் தொடக்கத்திலே தாக்குதலுக்குப் புறப்பட்டும் ஆயிற்று. காற்று ஒத்துவரவில்லை. ஜெர்மன் விமானங்கள் வந்து நங்கூரமிட்டிருந்த கப்பல்களையும் தாக்கின. ஜூலை 7ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது. இலக்கு இன்னது என்று அறிந்துகொண்ட ஆயிரக்கணக்கான வீரர்கள் முகாம்களுக்குக் கலைந்து சென்றனர். இனி இதனைத் தொடவே கூடாது என்று மாண்ட்கோமரி கூறினார். அவர் ஆகஸ்டிலே எகிப்துக்குப் போய்விட்டார். கைவிட்ட திட்டமே வேறு பெயரோடு மீண்டும் உயிர்பெற்றது. வான்குடைப் படைக்குப் பதிலாகக் கமாண்டோக்கள் என்பதுதான் பெரிய மாற்றம். குண்டுவீச்சு திரும்பவில்லை. பெருங்கப்பல் வரவில்லை. ஒரே தலைமை அமையவில்லை.

ஏன் இந்த அவசரம்? சோவியத் மண்ணிலே அன்று நாஜிப் படைகள் ஸ்டாலின்கிராடை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. இரண்டாம் போர்முனை எங்கே என்று மாஸ்கோ கேட்டது. லண்டன் மக்களும் கேட்டனர். நேர்மையான கேள்வி! 1942இல் அது இல்லை என்று ஸ்டாலினிடம் நேரிலே சொல்வதற்காகச் சர்ச்சில் மாஸ்கோ சென்றிருந்த வாரம் அது. ஆகஸ்டு 12ஆம் நாள் சென்றார். 19ஆம் நாள் டியெப். ஏதேனும் செய்தாக வேண்டும் என்னும் நெருக்கடி ஒருபுறம். இரண்டரை ஆண்டுக்கு மேலாக இங்கிலாந்திலே பயிற்சி மட்டுமே பெற்று, களம் காணாதிருந்த கனடியப் படையின் ஏக்கம் மறுபுறம். கனடியத் தளபதிகளே இந்த வாய்ப்பைக் கேட்டுப் பெற்றார்கள் என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். வெள்ளைக்கார ஏகாதிபத்தியம் குடியேற்ற நாட்டானைப் பலியிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டால் நம் வேலை எளிதாக முடிந்துவிடும். உண்மை அதனினும் கொடிது. பலியிட்டவனும் ஆர்வத்தோடு நின்றான். பலியாவதற்கு ஆளைத் தந்தவனும் ஆர்வத்தோடு நின்றான். பலியானவனை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலைப்பொழுது

விடியுமுன்னே, 3 மணி 47 நிமிடத்துக்கு, கமாண்டோப் படகுகள் சில, ஜெர்மன் கப்பல் கூட்டமொன்றுடன் கடலிலே மோதிக்கொண்டன. அந்தக் கூட்டம் வருவதை இங்கிலாந்துக் கரையிலிருந்த ரேடார் முன்னரே கண்டது. இருமுறை எச்சரிக்கை அனுப்பப்பட்டது. பயன் விளையவில்லை. முப்படையின் ஒருங்கிணைப்பு என்பது செய்தி ஓடும் கம்பியில் இருக்கிறது. அந்தக் கம்பி முதலிலேயே அறுந்துவிட்டது.

புயி என்னும் சிறு கரையிலே, இருளில் இறங்க வேண்டிய கனடிய ராயல் ரெஜிமெண்ட், கால்மணி நேரம் பிந்தி, வெளிச்சத்தில் இறங்கியது. இருபுறமும் பாறை, எதிரே முள்வேலி போட்ட சுவர். 550 பேருக்கு மேற்பட்ட அந்தப் படையில் இங்கிலாந்து திரும்பியவர் எழுபது பேர்கூட இல்லை. இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். கால்மணி நேரம்! நம்மூரில் பேருந்துக்காகக் காத்திருக்கும் பொழுது அது. அங்கே அது ஒரு படையின் ஆயுள்.

நடுக்கரையிலே டாங்கிகள் காலாட்படையோடு ஒருங்கே இறங்க வேண்டும். அவை பிந்தி வந்தன. அந்த நிமிடங்களில் காலாட்படை திறந்த வெளியிலே கிடந்தது. வந்த டாங்கிகளின் சங்கிலிப் பட்டைகளுக்குள் கடற்கரைக் கூழாங்கற்கள் புகுந்து முடக்கின. கரை எப்படிப்பட்டது என்பதை விடுமுறைக்குச் சென்றவர்கள் எடுத்த புகைப்படங்களிலே தேடினார்கள் திட்டம் வகுத்தவர்கள். அந்தக் கல்லிலே டாங்கி ஏறுமா என்று மட்டும் பார்க்கவில்லை. 27 டாங்கிகள் கரைசேர்ந்தன. அவற்றில் 15 கடற்சுவரைத் தாண்டின. தாண்டியும் என்ன? தெருமுனைகளை அடைத்து நின்ற கான்கிரீட்டுத் தடைகளைத் தகர்க்க வேண்டிய பொறியாளர்கள் கரையிலேயே வீழ்ந்துவிட்டனர். பாறைக் குகைகளுக்குள்ளே ஒளிந்திருந்த துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இருபுறமிருந்தும் வாரிச் சுட்டன.

கப்பலில் இருந்த ராபர்ட்சுக்கு அரைகுறையாக ஒரு செய்தி எட்டியது. எசெக்ஸ் ஸ்காட்டிஷ் படை கரையைக் கடந்து வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள்படும் செய்தி. உண்மையிலே, கடந்தவர் ஒரு சிறு கூட்டத்தார். வெற்றி முளைத்துவிட்டது என்று நம்பி, காப்புப் படையாக வைத்திருந்த மான்-ராயல் பிரெஞ்சுக் கனடியரையும் அனுப்பினார். அவர்களும் அதே கொலைக்களத்திலே இறங்கினர். பின்னர்க் கடற்படைக் கமாண்டோக்களும் அனுப்பப்பட்டனர். அவர்களின் தலைவர் பிலிப்ஸ், புகையைக் கடந்ததும் உண்மையைக் கண்டார். வெள்ளைக் கையுறையை அணிந்து, படகின் மேலே ஏறி நின்று, திரும்புங்கள் திரும்புங்கள் என்று பின்வந்த படகுகளுக்குக் கையசைத்தார். குண்டு பாய்ந்து மாண்டார். பல படகுகள் திரும்பின. பலர் பிழைத்தனர். அன்று நிறுத்து என்று கட்டளையிட வேண்டிய பெரியவர்கள் எவரும் இடாத கட்டளையை, அவர் தம் உயிரைக் கொடுத்து இட்டார்!

வீரத்துக்கா பஞ்சம்? பூர்வில் என்னும் இடத்திலே, குண்டுமாரி பொழிந்த பாலத்தின்மீது தலைக்கவசத்தைக் கழற்றிக் கையிலேந்தி, முன்னும் பின்னும் நடந்து தம் வீரர்களை அழைத்துச் சென்றார் மெரிட். காயம்பட்டோரைப் படகிலே ஏற்றிவிட்டு, தாம் மட்டும் ஏறாமல், சிறைப்படுவோருடன் இருப்பதே தம் கடமை என்று கரையிலே நின்றுவிட்டார் பாதிரியார் ஃபுட். இருவருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது. தகுதியான பெருமை. ஆனால், திட்டம் வகுத்தவரின் குறையை மறைக்கும் திரையாக வீரனின் பதக்கத்தைத் தொங்கவிடுவது தகாது.

மேற்குப் பக்கத்திலே, வாரன்ஜவில் என்னுமிடத்தில் மட்டும் வெற்றி. லார்ட் லோவட் தலைமையில் சென்ற நான்காம் கமாண்டோ, கடற்கரைப் பீரங்கி நிலையைப் பாழாக்கிவிட்டுத் திரும்பியது. அங்கே ஒரு தலைவர். அவருக்குத் தெரிந்த, பலமுறை ஒத்திகை பார்த்த ஒரு வேலை. குறித்த நொடியிலே விமானங்கள் வந்து சுட்டன; குறித்த நொடியிலே வீரர்கள் பாய்ந்தனர். ஒரே நாள், ஒரே கடல், ஒரே பகைவன். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்பதற்கு விளக்கவுரை வேண்டுமா?

பாடம் என்னும் போர்வை

விமானப்படை அன்று சுமார் நூறு விமானங்களை இழந்தது. ஜெர்மானியர் இழந்தது அதில் ஏறக்குறையப் பாதி. பெர்க்லி என்னும் நாசகாரிக் கப்பல் போயிற்று. இறங்கு படகுகள் 33 போயின. தோல்வி நேர்ந்தால் உலகத்துக்கு என்ன சொல்வது என்பதை மவுண்ட்பேட்டனின் தலைமையகம் தாக்குதலுக்கு முன்பே எழுதி வைத்திருந்தது. மதிப்புமிக்க அனுபவம், இன்றியமையாத சோதனை என்று சொல்லவேண்டுமாம்! மாணவன் தேர்வு எழுதப் போகுமுன்னே, தோற்றாலும் இது நல்ல பயிற்சி என்று தந்தைக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போவதுண்டா?

டியெப்பில் மாண்ட ஒவ்வொருவருக்கும் ஈடாக நார்மண்டியிலே பத்துப் பேரேனும் பிழைத்திருப்பர் என்று மவுண்ட்பேட்டன் பிற்காலத்தில் கணக்குச் சொன்னார். நார்மண்டியிலே முறை மாறியது உண்மை. 1944 ஜூன் 6ஆம் நாள் பெருங்கப்பல்கள் கரையை நெருங்கி நின்று முழங்கின. முன்கூட்டியே குண்டுகள் பொழிந்தன. ஐசன்ஹோவர் என்னும் ஒரே தலைவர் இருந்தார். துறைமுகத்தைப் பிடிப்பது கடினம் என்பதால் செயற்கைத் துறைமுகத்தையே இழுத்துச் சென்றார்கள். இவற்றில் சிலவற்றுக்கு டியெப் அனுபவம் வலுச் சேர்த்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால், கரையிறங்குவோனுக்குப் பெரும்பீரங்கித் துணை வேண்டும் என்பதை அறிய 907 உயிர் வேண்டுமா? தலைமை ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை அறிய 1,946 பேர் சிறைபோக வேண்டுமா? தீ சுடும் என்பதை அறிய ஊரையே கொளுத்திப் பார்த்தவன், நான் விஞ்ஞானி என்று மார்தட்டுகிறான்!

அண்மைக் காலத்தில் வேறொரு விளக்கமும் வந்திருக்கிறது. ஜெர்மானியரின் எனிக்மா என்னும் மறைமொழிக் கருவியையும் ஏடுகளையும் கவர்வதே உள்நோக்கம் என்று கனடிய வரலாற்றாசிரியர் ஒருவர் 2013இல் எழுதினார். அது மெய்யாகவே இருக்கட்டும். அப்படியானால் இன்னும் கூடுதலான துணையல்லவா தந்திருக்க வேண்டும்? விலைமதிப்பற்ற பொருளைக் கவரச் செல்பவனை வெறுங்கையோடா அனுப்புவது? நோக்கம் எதுவாயினும் குற்றச்சாட்டு நிற்கிறது.

தண்டனை யாருக்கு? ராபர்ட்ஸ் 1943இலே தம் படைப்பிரிவை இழந்தார். பின்னர் எந்தக் களத்திலும் படை நடத்த அவருக்கு வாய்ப்பில்லை. லே-மாலரிக்கு அந்த ஆண்டு முடியுமுன்னே பதவி உயர்வு. மவுண்ட்பேட்டனுக்கோ 1943இலே தென்கிழக்காசியாவின் தலைமைத் தளபதிப் பட்டம்; இலங்கையின் கண்டிப் பகுதியிலே பெருந்தலைமையகம். 1950இலே சர்ச்சில் தம் போர் வரலாற்றின் நான்காம் தொகுதியை எழுதியபோது, இந்தத் தாக்குதலுக்கு இறுதி ஒப்புதல் தந்தது யார் என்று ஏடுகளைத் தேடச் சொன்னார். தெளிவான ஏடு அகப்படவில்லை. மவுண்ட்பேட்டன் திருத்தித் தந்த விளக்கமே நூலில் ஏறியது. என்னே விந்தை! குற்றம் சாட்டப்பட வேண்டியவரே தீர்ப்பையும் எழுதித் தந்தார்.

அந்த மனிதரை நாமும் அறிவோம். 1948 ஜூனுக்குள் ஆட்சி மாற்றம் என்று லண்டன் அறிவித்ததை, 1947 ஆகஸ்டு 15ஆம் நாளுக்கு இழுத்து வந்தவர் அவர்தாம். எல்லைக் கோடு வரைய வந்த ராட்கிளிஃப் ஜூலை 8ஆம் நாள்தான் இந்தியா வந்தார். ஐந்து வாரத்தில் கோடு கிழித்தார். கொடியேற்றி இரண்டு நாள் கழித்து, 17ஆம் நாள், கோடு வெளியாயிற்று. நாள் குறித்தாயிற்று, படை எங்கே, காவல் எங்கே, வழிநடைப் பாதுகாப்பு எங்கே என்ற கேள்விகள் பின்தங்கின. பஞ்சாபிலும் வங்கத்திலும் இலட்சக்கணக்கானோர் அதன் விலையைக் கொடுத்தனர். பிரிவினைக்குக் காரணம் பல உண்டு. பொறுப்பாளரும் பலர் உண்டு. ஆயினும், ஆயத்தத்தைவிட நாளைப் பெரிதாக எண்ணும் அந்த மனப்போக்கை டியெப்பின் கரை முன்பே கண்டிருந்தது.

நமக்கு என்ன?

தோழர்களே, பீரங்கியும் கப்பலும் நமக்கு ஏது என்று கேட்கலாம். நமது போராட்டம் அறப்போராட்டம். ஆனாலும் கூட்டு இயக்கம் என்பது நமக்குப் புதிதன்று. மாணவர் வருவர், தொழிலாளர் வருவர், தோழமை இயக்கத்தார் வருவர் என்று மேடையிலே முழங்குகிறோம். மறுநாள் மறியல் களத்திலே, வெயிலிலே, கிளைச் செயலாளரும் பத்துத் தோழர்களும் மட்டும் நின்று தடியடி வாங்கிய காட்சியை நம்மில் பலர் கண்டதுண்டு. மற்றவர்களைக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் தக்க காரணம் உண்டு. டியெப்பிலும் ஒவ்வொருவருக்கும் தக்க காரணம் இருந்தது!

ஆகவே மூன்று கேள்விகளை நாம் மனத்திலே பதிக்க வேண்டும். கூட்டு என்று யார் வந்து அழைத்தாலும், நீ எதைக் கொண்டுவருகிறாய் என்று முதலில் கேளுங்கள். வாழ்த்து வேண்டாம், வலிமை வேண்டும். ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடு எது என்று இரண்டாவதாகக் கேளுங்கள். ஈடில்லையேல் நாளை ஒத்திவைக்கும் துணிவு நமக்கு வேண்டும். ஒத்திவைப்பது கோழைத்தனமன்று. ஒத்திவைத்ததை ஆராயாமல் மீண்டும் எடுத்ததுதான் டியெப்பின் கேடு. நிறுத்து என்று சொல்லும் உரிமை யாருக்கு, நாளை விடை கூறும் கடமை யாருக்கு என்று மூன்றாவதாகக் கேளுங்கள். அந்தப் பெயர் கூட்டக் குறிப்பேட்டிலே எழுதப்படட்டும். எல்லோரும் பொறுப்பு என்றால் எவரும் பொறுப்பில்லை என்பதே பொருள்.

தோல்வி வரலாம். வந்தால், தொண்டனின் தியாகத்தைப் பாடமென்று புகழ்ந்து நம்மை நாமே மன்னித்துக்கொள்ள வேண்டாம். அவன் வீட்டுத் திண்ணைக்குச் சென்று, இன்ன இடத்தில் நாங்கள் தவறினோம் என்று சொல்லும் நேர்மை நமக்கு இருக்குமானால், மறுமுறை அழைக்கும்போது அவன் தம்பி வருவான்.

1944 செப்டம்பர் 1ஆம் நாள், கனடாவின் அதே இரண்டாம் படைப்பிரிவு டியெப் நகரத்துள் நுழைந்தது. இம்முறை கடல்வழியாக அன்று, நிலத்தின் பக்கமிருந்து. ஜெர்மானியர் முன்பே போய்விட்டிருந்தனர். சண்டை இல்லை. மக்கள் மலர் தூவினர். நகருக்கு வெளியே, இரண்டாண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட தங்கள் தோழர்களின் கல்லறைகளைத் தேடிச் சென்று, வணங்கி நின்றனர் அந்த வீரர்கள். அங்கே நின்றவர்களின் நெஞ்சில் எழுந்த கேள்விக்கு வரலாறு இன்னும் நேராக விடை சொல்லவில்லை. நம் தொண்டன் நம்மைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கும் நாள் வராமல் பார்த்துக்கொள்வதே நமது கடமை!